தேதிக்கட்டைத் தூக்கிப் பார்த்த கைகளுக்கு

கிட்ட வாருங்கள், கண்ணுகளே! பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னே வாருங்கள். வார்டுக்குத் திரும்பும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் இன்றைக்கு ஒரு கதை இருக்கிறது. நம் மருத்துவமனைச் சுவரில் தொங்கிய ஒரு காலண்டரின் கதை. அது மறைத்து வைத்ததை ஒரு கை தூக்கிப் பார்த்த கதை. அதனால் ஒரு தாய் பிழைத்த கதை. அதற்கு முன்னால், மாலையும் கழுத்துமாக மேடையில் அமர்ந்திருக்கும் அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு முறையாக ஒரு வணக்கம் வைத்துவிடுவோம்.

பணி நிறைவு காணும் எங்கள் அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர், மருத்துவர் திருமதி லட்சுமிகாந்தம் அம்மையீர்!

அஞ்சி வந்தோர்க்கு ஆறுதல் அளித்த அன்னையே! அறுக்கும் முன் அறிய வேண்டும் என்று அயராது உரைத்த அறிவுச் சுடரே! பட்டாசுப் புகையிலும் பருத்திக் காட்டு வெயிலிலும் வாடி வந்த பாமரர் வயிற்றில் பால் வார்த்த பண்பின் பெட்டகமே! கத்தி பிடித்த கையிலும் கனிவு குறையாத கருணைக் கடலே!

கடல் என்று எழுதிய உடனேயே எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. "எந்தக் கடல்? பேரைச் சொல்லுங்க. வங்கக் கடலா, குமரிக் கடலா?" என்று தாங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பீர்கள். தங்கள் அறுவை அரங்கில் "அது", "இது", "அங்கன", "இங்கன" என்ற சொற்களுக்கு இடமே இருந்ததில்லை. இடுக்கி எடுத்துக் கொடுப்பவர் முதல் மயக்க மருந்து கொடுப்பவர் வரை, தொடும் உறுப்பின் பெயரைத் தெளிவாகச் சொன்ன பிறகே தொட வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத இடத்தில் கத்தி வைக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கள் கட்டிக் காத்த சட்டம் இது ஒன்றுதான். தீ விபத்து நேர்ந்த நாட்களில் சோறு தண்ணி மறந்து நின்றதும், மகப்பேறு வார்டில் ஆள் இல்லாதபோது தாமே போய்ப் பிள்ளையைக் கையில் ஏந்தியதும், தீபாவளிக்கு ஒரு நாளும் விடுப்பு எடுக்காததும் ஊர் அறிந்தவை. அவற்றை அடுத்துப் பேசுகிறவர்கள் பேசட்டும். நாம் காலண்டருக்கு வருவோம்.

கதைக்குள் தாங்கள் "டாக்டரம்மா". நேரில் இருப்பவரைக் கதையில் வைத்துப் பேசுவதற்குத் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பிறந்த சமயம். குடல் நோயோடு வருகிறவர்களிடம் எங்கே தொந்தரவு என்று கேட்டால், தொண்டைக்குக் கீழே தொடைக்கு மேலே இருப்பது எல்லாமே அவர்களுக்கு வயிறுதான். ரத்தம் போனால் மூலம். அத்தோடு பேச்சு முடிந்தது. மூலத்துக்கு மருந்து தின்றே மாதங்களை ஓட்டிவிட்டு, புற்று முற்றிய பிறகு வந்து நிற்பார்கள். டாக்டரம்மா யோசித்தார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் படம் வரையும் ராக்கப்பன், அவரிடம் முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அவரைக் கூப்பிட்டு, பெருங்குடலைப் பகுதி பகுதியாகப் பெயர் போட்டு வரைந்து, தினம் தேதி கிழிக்கிற காலண்டராக அச்சடித்துத் தரச் சொன்னார்.

காலண்டர் வந்தது. அடடா, என்ன வண்ணம்! குடல் ரோஜாப்பூ நிறத்தில் மினுமினுத்தது. ஏறுகுடல், குறுக்குக்குடல், இறங்குகுடல், பாம்பு போல் நெளிந்து திரும்பும் நெளிகுடல் என்று அழகான எழுத்தில் பெயர்கள். அதற்குக் கீழே தேதிக்கட்டு. அவ்வளவுதான்.

டாக்டரம்மா காலண்டரை மேலும் கீழும் பார்த்தார். "ராக்கப்பா, குடலை நடுவழியில எறக்கி விட்டுட்டீகளே! நெளிகுடலுக்கு அடுத்து மலக்குடல், ஆசனவாய் எல்லாம் எங்க?"

"தேதிக்கட்டு ஒட்ட எடம் வேணும்லம்மா?"

"மேல ஒட்ட வேண்டியதுதானே?"

ராக்கப்பன் தலையைச் சொறிந்தார். "அம்மா, காலண்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவாக. காலையில எந்திரிச்சு நல்ல நேரம் பாக்க வர்றவுகளை அந்த எடத்துலயா முளிக்கச் சொல்லுதீக?"

வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நோவு அந்த எடத்துக்குத்தானே ராக்கப்பா நெறைய வருது" என்றார். அச்சானது அச்சானதுதான், அதற்கு மேல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பெண்கள் வார்டில் மாட்டிய காலண்டரில் மட்டும், தேதிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த வெள்ளை அட்டையில் நீலப் பேனாவால் மிச்சக் குடலை வரைந்தார். மலக்குடல் என்று எழுதி, அதை மேல், நடு, கீழ் என்று கோடு போட்டுப் பிரித்து, முடிவில் ஆசனவாய் என்றும் எழுதினார். தேதிக்கட்டைக் கீழே விட்டார். அது மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அதைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனி மாதத்தில் தாயில்பட்டியிலிருந்து சண்முகத்தாய் வந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வேன் வந்து ஹார்ன் அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். புருஷன் முத்துக்கருப்பன் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். மகள் மாரிசெல்விக்குத் தை மாதம் கல்யாணம் என்று பூ வைத்தாகிவிட்டது. சண்முகத்தாய்க்கு ஒரு வருஷமாகவே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று தானே முடிவு கட்டி, காரத்தைக் குறைத்து, கைவைத்தியம் பார்த்தாள். உடம்பு பாதியாய் இளைத்த பிறகு, வெளியே ஓரிடத்தில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி" என்று எழுதிக் கொடுத்தார்கள். சதைத் துணுக்கைச் சோதித்ததில் புற்று என்று வந்தது.

புற்று என்ற சொல்லைக் கேட்டு அவள் அழவில்லை. இன்னொரு சொல்லுக்குத்தான் வெலவெலத்துப் போனாள். வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டிவிடுவார்கள், ஆயுசு பூராவும் மலம் அதில்தான் வரும் என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள். வேனில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போகிறவர்கள். பை கட்டினவளைப் பக்கத்தில் சேர்ப்பார்களா? மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படி நிற்பது? பை என்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கட்டிலில் படுத்தாள்.

அன்றைக்கு டாக்டரம்மா வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். உதவி மருத்துவர் பிரபாகரன்தான் வார்டில். சின்ன வயது, தன்மையான பிள்ளை. "கை விட்டுச் சோதிச்சுப் பாக்கணும்மா" என்றதும் சண்முகத்தாய் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். "வேணாந்தம்பி. எம் மகன் வயசு இருக்கு ஒங்களுக்கு." பிரபாகரனுக்கு அவளை வற்புறுத்த மனம் வரவில்லை. காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "சரிம்மா. எங்கன நோவுதுன்னு இதுலயாவது தொட்டுக் காட்டுங்க."

அவள் படத்தைப் பார்த்தாள். ரோஜாப்பூக் குடல் சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே தேதி. அவளுக்கு நோவு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இடம் படத்தில் இல்லை. இருப்பதில் கடைசியாக எது இருந்ததோ அதை விரல் நுனியால் தொட்டாள். நெளிகுடல். வெளியே எழுதிக் கொடுத்ததும் "கடைசிப் பகுதி" என்றுதானே இருந்தது? இரண்டும் ஒத்துப் போயிற்று. பிரபாகரன் நெளிகுடல் என்று எழுதிக்கொண்டார். "பெரிய சிக்கல் இல்லம்மா. வியாழக்கிழமை எடுத்துரலாம். பையும் வேண்டியிருக்காது."

சண்முகத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. முத்துக்கருப்பன் இருக்கன்குடி மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலை டாக்டரம்மா சுற்றி வந்தார். எழுதியிருந்ததைப் படித்தார். "நெளிகுடல்னு எழுதியிருக்கு. யார் தொட்டுப் பார்த்தது?"

பிரபாகரன் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவரிலிருந்து காலண்டரை எடுத்துச் சண்முகத்தாய் மடியில் வைத்தார்.

"தாயி, நேத்து எங்க தொட்டீக?"

அவள் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மா தேதிக்கட்டைத் தூக்கினார். அடியில் நீலப் பேனாக் குடல். "இப்பத் தொடுங்க."

சண்முகத்தாய் குனிந்து பார்த்தாள். முகம் சிவந்தது. பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கோடு போட்ட இடத்தில் கீழேயாக விரலை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. "இங்கன இப்படி ஒரு எடம் போட்டிருக்குன்னு தெரியாதும்மா. தெரிஞ்சா நேத்தே காட்டியிருப்பேன்."

திரையை இழுத்து மூடினார்கள். தங்கத்தாய் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். விரலை விட்டதும் கட்டி முட்டியது. அவர் வெளியே வந்து பிரபாகரனிடம் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் இன்னும் இருக்கிறது.

"நெளிகுடல் இல்லை. மலக்குடல், அதுலயும் கீழ்ப்பகுதி. நீங்க அவங்க வெட்கத்தை மதிச்சீங்க, அது நல்ல குணம். ஆனா கட்டிக்கு வெட்கம் கிடையாது, பிரபாகரன்."

வியாழக்கிழமை ஆபரேஷன் நின்றுபோனது. முதலில் மதுரைக்குப் போய்க் கட்டி சுருங்கக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும், அது முடிந்தும் பொறுத்திருக்க வேண்டும் என்றதும் முத்துக்கருப்பன் கொதித்துப் போனார்.

"என்னம்மா இது? நேத்து ஒரு பேரு, இன்னைக்கு ஒரு பேரா? குடலு அதே குடலுதானே! பேரு மாறுனதுக்காக இவளை மதுரைக்கு அலைய விடுதீகளா? அந்தத் தம்பி பை வேணாம்னாரு. நீங்க என்ன சொல்லுதீக?"

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "முத்துக்கருப்பன், ஒங்க கம்பெனில மருந்து கலக்குற ரூமும் பேக்கிங் ரூமும் பாக்க ஒண்ணுபோலத்தானே இருக்கும்? வாசல்ல எழுதியிருக்குற பேரை மாத்தி எழுதிட்டா நீங்க லோடை எங்க எறக்குவீக?"

"அது எப்படிம்மா மாத்துவாக? உசுரு போயிரும்ல?"

"இதுவும் அப்படித்தான். நெளிகுடல் வயித்துக்குள்ள தாராளமாக் கிடக்கு. வெட்டி எடுத்து முனையோட முனை சேத்துரலாம். மலக்குடல் இடுப்பெலும்புக்குள்ள எறங்கி, சிறுநீர்ப்பைக்கும் கர்ப்பப்பைக்கும் பின்னால நெருக்கியடிச்சு நிக்குது. கதிர் வச்சுக் கட்டியைச் சுருக்காம இப்பவே நான் கத்தி வச்சா, ஒண்ணு கட்டியில மிச்சம் விட்டுருவேன், இல்லைன்னா பின்வழியையே எடுத்துட்டு ஆயுசுக்கும் பை வைப்பேன். ரெண்டுல எது வேணும்?"

முத்துக்கருப்பனின் தோள்துண்டு கைக்கு வந்தது. சண்முகத்தாய்தான் பேசினாள். "மதுரைக்குப் போறேம்மா. போயிட்டு வந்தா ஆயுசுக்கும் பை வராதுன்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன் தாயி. கட்டி எம்புட்டுச் சுருங்குதுன்னு பாத்த பெறகுதான் சொல்லுவேன். கொஞ்ச காலத்துக்கு ஒரு பை கட்டாயம் வரும். அது புதுத் தையல் ஆறுறதுக்காகச் சிறுகுடல்ல வைக்கிறது, பெறகு எடுத்துரலாம். ஆயுசுக்கும் வைக்கிற பை வேற. ரெண்டையும் ஒரே பையா நெனைச்சு ராத்திரிபகலா அழாதீக."

ஆறுதலுக்காகக்கூட இல்லாததைச் சொல்லாத அந்த வாயைத்தான் சண்முகத்தாய் நம்பினாள். ஆடி வெயிலில் மதுரைக்கும் தாயில்பட்டிக்கும் பேருந்தில் அலைந்தாள். தோல் கறுத்தது, வாய் கசந்தது, சோறு பிடிக்கவில்லை; ஆனாலும் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிக்கொண்டிருந்த புரட்டாசிக் கடைசியில் மறுபடி வந்து அதே கட்டிலில் படுத்தாள். டாக்டரம்மா சோதித்தார். கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. "முயற்சி பண்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம், அவளை வார்டுத் தரையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். "சரம் பின்ன எப்படி உக்காருவீக? அப்படி உக்காருங்க." காலை மடக்கி உட்கார்ந்தாள். "மகள் கல்யாணத்துல பக்கத்துல எப்படி நிப்பீக?" எழுந்து நின்றாள். பாவாடை நாடா எங்கே விழுகிறது, வயிறு எங்கே மடிகிறது என்று பார்த்துப் பார்த்து, நாடாவும் படாமல் மடிப்பும் படாமல் ஓரிடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். தற்காலிகப் பைக்கான இடம் அது. "பட்டுச் சேலை கட்டினா வெளியே தெரியுமாம்மா?" என்று சண்முகத்தாய் கேட்டாள். "சம்பந்தியம்மாவுக்கே தெரியாது" என்றார் டாக்டரம்மா. வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள்.

மயக்கத்தில் இருந்தவளுக்கு அரங்கில் நடந்தது தெரியாது. அவள் கண் விழித்த பிறகு தங்கத்தாய் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். டாக்டரம்மாவின் சட்டம் அன்றைக்கு முழு வீச்சில் இருந்தது. "இது என்ன?" "இடது சிறுநீர்க்குழாய்ம்மா." "நிச்சயமா?" "மெல்லத் தட்டினா நெளியுதும்மா." "சரி, ஒதுக்கி வைங்க." அதற்குப் பிறகுதான் மேலே போகலாம். கொஞ்ச தூரம் போனதும் பிரபாகரன், "அந்த நரம்பைத் தள்ளிரட்டுமாம்மா?" என்றார். டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. "எந்த நரம்பு? பேர் சொல்லுங்க." பிரபாகரன் மறுபடி குனிந்து பார்த்து, சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்பு என்று அதன் முழுப் பெயரையும் சொன்னார். "தெரிஞ்சுதா? அதைத் தள்ளக் கூடாது, தாங்கணும்." இப்படிப் பெயர் பெயராக, இம்மி இம்மியாக இறங்கி, மலக்குடலை அதைச் சுற்றிய கொழுப்புறை கிழியாமல், கட்டிய பொட்டலம் பிரியாமல் எடுப்பது போல முழுசாக எடுத்தார்கள். கீழே நல்ல குடல் மிஞ்சியிருந்தது. பெருங்குடலை இறக்கி அதோடு சேர்த்துத் தைத்தார்கள்.

சண்முகத்தாய் நாக்கு உலர்ந்து கண் திறந்தபோது டாக்டரம்மாதான் எதிரில் நின்றார். அவள் கையை வயிற்றுக்குக் கொண்டுபோனாள். புள்ளி வைத்த இடத்தில் பை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாயி, இது சிறுகுடல்ல வச்ச பை. எடுக்குற பை. ஒங்க பின்வழி ஒங்ககிட்டயே இருக்கு."

சண்முகத்தாய் டாக்டரம்மா விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எந்த விரல் கட்டியைக் கண்டுபிடித்ததோ அதே விரல்.

தையில் மாரிசெல்வி கல்யாணம் நடந்தது. சண்முகத்தாய் அரக்குப் பட்டுச் சேலையில், காலை மடக்கி உட்கார்ந்து, நிமிர்ந்து நின்று, தாம்பூலம் கொடுத்து, சம்பந்தியம்மாவைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கோடையில் பையை எடுத்து, குடலைச் சேர்த்து, வயிற்று ஓட்டையை மூடினார்கள். ஆடி வெள்ளியில் இருக்கன்குடிக்கு நடந்தே போய்ப் பொங்கல் வைத்தாள். இன்றைக்கும் சோதனைக்கு வந்து போகிறாள், கட்டி திரும்பவில்லை.

ராக்கப்பனுக்கும் சேதி போயிற்று. அடுத்த வருஷக் காலண்டரில் தேதிக்கட்டு தலைக்கு மேலே ஏறிவிட்டது. குடல் முழுசாக, ஆசனவாய் வரைக்கும், அதே ரோஜாப்பூ நிறத்தில். "சாமி படத்தை அடுத்த சுவத்துக்கு மாத்திக்கிடுவாகம்மா" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். போன மாதம் தாயில்பட்டியிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். புறநோயாளிச் சீட்டு எழுதுமிடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். "மலக்குடல்ல ரத்தம் போகுது, மூலமா வேற எதுவுமான்னு விரல் வச்சுப் பாக்கணும்" என்றாள் பளிச்சென்று. சீட்டு எழுதியவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டோம்.

"எங்க வேன்ல சண்முகத்தாயக்கா வரும். ரத்தம் போகுதுன்னு ஒருத்தி வாயைத் திறந்தாப் போதும். 'ஏ புள்ள, நீயா மூலம்னு பேரு வைக்காதே, அதுக்கு மலக்குடல்னு ஒரு எடம் இருக்கு, அதுவும் நம்ம உடம்புதான், போய்ப் பேரச் சொல்லிக் காட்டுடி'ன்னு டிரைவர் காது கேக்கக் கத்தும். டிரைவர் அண்ணன் பாட்டைச் சத்தமா வைப்பாரு. அக்கா அதுக்கு மேல சத்தமாச் சொல்லும்."

அந்தப் பெண்ணுக்கு வெறும் மூலம்தான். தாங்களே பார்த்து, தாங்களே சொல்லி அனுப்பினீர்கள்.

அம்மையீர்! தாங்கள் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. வெட்கத்தாலும் பயத்தாலும் எங்கள் சீமைப் பெண்கள் மூடி வைத்திருந்த ஒன்றைத் தாங்கள் தூக்கிக் காட்டினீர்கள். அவர்கள் இன்று அதை வாய் நிறையச் சொல்கிறார்கள். அந்தச் சத்தம் காலை வேனிலும் மாலை வேனிலும் போய்க்கொண்டிருக்கும்வரை தாங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். இரண்டாயிரத்து ஆறின் கடைசித் தேதியையும் கிழித்த பிறகு, தங்கள் நீலப் பேனாக் குடலோடு மிஞ்சிய அந்த அட்டையைத் தங்கத்தாய் சிஸ்டர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இந்த மடலும் அந்த அட்டையும் ஒரே சட்டத்துக்குள் தங்கள் கைக்கு வருகின்றன. அதைக் கொண்டுவந்து தருகிறவர், முன்வரிசையில் அரக்குப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வாருங்கள் சண்முகத்தாய்!

உழைத்த கை ஓயட்டும், உள்ளம் ஓயாதிருக்கட்டும். தாங்களும் தங்கள் துணைவரும் நூறாண்டு நோயின்றி வாழ்க! தங்கள் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கூடியிருக்கும் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், சிரிப்பு குறையாதிருக்கட்டும். அந்த வீட்டுச் சுவரில் கிழிக்கிற தேதி ஒவ்வொன்றுக்கும் அடியில் நல்லதே எழுதியிருக்கட்டும்!

அன்பு மாறாத,
அறுவைச் சிகிச்சைத் துறைப் பணியாளர்கள் அனைவரும்